பின்பொருத்தும் டர்போ கிட்: தேர்வும் பொருத்துதலும்

பின்பொருத்தும் டர்போ கிட் என்பது, தொழிற்சாலையில் டர்போசார்ஜர் இல்லாமல் வெளிவந்த ஒரு காரின் எஞ்சினில் பின்னர் டர்போசார்ஜரைச் சேர்ப்பதற்காக விற்கப்படும் உதிரிபாகத் தொகுப்பு ஆகும். எஞ்சினின் கொள்ளளவை மாற்றாமல் அதன் திறனைக் கூட்டுவதே இதன் நோக்கம். பந்தயக் கார்களிலும், ஆர்வலர்கள் வைத்திருக்கும் வேகக் கார்களிலும் இது பொருத்தப்படுகிறது. இந்தியாவில் பொதுச் சாலையில் ஓடும் பதிவுபெற்ற காரில் இந்த மாற்றத்தைச் செய்யச் சட்டம் இடம் தருவதில்லை. கிட் வாங்கும் பலர் பணம் கொடுத்த பிறகே இதை அறிகிறார்கள்.

டர்போசார்ஜரின் செயல்பாடு எளிது. சிலிண்டரிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணாகச் சைலன்சருக்குப் போகாமல் ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. கூடுதல் காற்றுக்கு ஏற்பக் கூடுதல் பெட்ரோலும் சேர்ந்தால் திறன் கூடும். சிறிய கார்களின் டர்போ தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலும். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் கிடைக்கும் கூடுதல் அழுத்தம் ‘பூஸ்ட்’ எனப்படும். பூஸ்ட் அளவு மீறாதபடி புகையின் ஒரு பகுதியை டர்பைனைத் தொடாமல் திருப்பிவிடும் கதவு ‘வேஸ்ட்கேட்’ ஆகும்.

வரலாறு

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூகி 1905 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நெடுங்காலம் கப்பல், விமானம், டீசல் லாரி ஆகியவற்றோடு நின்ற இந்தக் கருவி, 1962 இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரோலே கோர்வேர் ஆகிய இரண்டு கார்களின் வழியாகப் பொதுமக்களிடம் வந்தது.

இவற்றுள் ஜெட்ஃபயரின் கதை, கிட் வாங்க நினைக்கும் ஒவ்வொருவருக்கும் பாடமாகும். அதன் அமுக்க விகிதம் 10.25:1. டர்போ எஞ்சினுக்கு அந்நாளில் இது மிக அதிகம். பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் கலவை தீப்பொறிக்குக் காத்திராமல் தானே வெடிப்பதைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவம் எஞ்சினுக்குள் தெளிக்கப்பட்டது. அந்தத் திரவத்தைத் தொட்டியில் நிரப்புவது உரிமையாளரின் வேலை. பலர் நிரப்ப மறந்தார்கள். தொல்லைகள் பெருகியதால் இரண்டே ஆண்டுகளில் அந்த மாதிரி நின்றுபோனது. பின்னர் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்தித் தரவும் நிறுவனமே முன்வந்தது. பெரிய நிறுவனம் ஒன்று வடிவமைத்த காருக்கே இந்த நிலை என்றால், தெரு முனைப் பட்டறையில் பொருத்தும் கிட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வெப்பம்: ஒரு கணக்கு

டர்போ கிட் பற்றிய விளம்பரங்கள் பூஸ்ட் அளவையே பெரிதாகச் சொல்லும். உண்மையில் தேர்வைத் தீர்மானிப்பது வெப்பம். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை எல்லாரும் கண்டிருப்பார்கள். காற்றை அழுத்தினால் அது சூடாகும். சூடான காற்று விரியும். விரிந்தால் அதே இடத்தில் அடங்கும் காற்றின் நிறை குறையும்.

காரைக்கால் மாவட்டம் வரிச்சிக்குடி போன்ற கடலோர ஊரில் கோடைப் பகலில் காற்று 35 பாகை செல்சியஸ் என்று கொள்வோம். அரை பார் பூஸ்ட் என்றால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கம்ப்ரசரின் செயல்திறன் 70 விழுக்காடு என்றால், வெளியே வரும் காற்றின் வெப்பம் 89 பாகை அளவுக்கு உயரும். அழுத்தம் 50 விழுக்காடு கூடினாலும் காற்றின் அடர்த்தி 28 விழுக்காடுதான் கூடியிருக்கும். அதே காற்றை இன்டர்கூலர் வழியே செலுத்தி 50 பாகைக்குக் குளிர்வித்தால் அடர்த்தி 43 விழுக்காடு கூடும். திறன் மட்டும் அன்று, எஞ்சினின் ஆயுளும் இந்த 39 பாகை வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. இன்டர்கூலர் இல்லாமல் மலிவாக விற்கப்படும் கிட்டுகளை நம் ஊர் வெயிலுக்கு வாங்குவது அறிவுடைமை ஆகாது.

வெப்பமும் அழுத்தமும் மிகுந்தால் கலவை தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் இதை ‘நாக்கிங்’ என்பர். எஞ்சினுக்குள் கூழாங்கல்லைக் குலுக்குவது போன்ற ஓசை கேட்கும். முழு வேகத்தில் சில நொடிகள் நீடித்தாலே பிஸ்டனின் விளிம்பு உடையவோ அதன் தலை உருகவோ கூடும்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின், டர்போ அன்று. டர்போ இல்லாத இன்றைய பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றின் அமுக்க விகிதம் 10:1க்கு மேல் இருக்கும். சிலவற்றில் 12:1 வரை போகும். உள்ளிழுப்புக் குழாயில் பெட்ரோல் தெளிக்கும் வகை டர்போ எஞ்சின்களைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 8.5 முதல் 9.5 வரையிலான விகிதத்தில் அமைக்கிறார்கள். எனவே உயர்ந்த விகிதமுள்ள எஞ்சினில் டர்போ பொருத்துபவர் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்: பூஸ்ட்டை 0.3 அல்லது 0.4 பார் அளவோடு நிறுத்த வேண்டும். அல்லது எஞ்சினைப் பிரித்து, விகிதத்தைக் குறைக்கும் வலுவான ஃபோர்ஜ்டு பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் போட வேண்டும். இரண்டாவது வழியின் செலவு கிட்டின் விலையையே தாண்டிவிடலாம்.

எரிபொருளும் இதோடு சேர்ந்தது. பெட்ரோலின் ஆக்டேன் எண் உயர்ந்தால் நாக்கிங் தாங்கும் திறனும் உயரும். சாதாரண பெட்ரோலுக்கு 91 என்பதே நெடுநாள் அளவாக இருந்தது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் எண் இதைவிடக் கூடுதல். ஆனால் அது எரிய வேண்டிய காற்று–எரிபொருள் விகிதம் 14.7 அன்று, சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். பழைய அட்டவணைகளைக் கொண்டு டியூன் செய்தால் கலவை வறண்டு எஞ்சின் சூடேறும்.

அடுத்தது டர்போவின் அளவு. இதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1.2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் 3600 லிட்டர் காற்றை இழுக்கும். உண்மையில் 85 விழுக்காடு நிரம்பினால் 3060 லிட்டர். மேலே கண்ட 43 விழுக்காடு அடர்த்தி உயர்வோடு சேர்த்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 கிலோகிராம், அதாவது 11 பவுண்டு காற்று. ஒரு பவுண்டு காற்றுக்குப் பத்துக் குதிரைத்திறன் என்பது இத்துறையினரின் தோராயமான வாய்ப்பாடு. எனவே 110 குதிரைத்திறன் எதிர்பார்க்கலாம். இந்தக் காற்றோட்டமும் ஒன்றரை என்ற அழுத்த விகிதமும் சந்திக்கும் புள்ளி, தயாரிப்பாளர் தரும் ‘கம்ப்ரசர் மேப்’ வரைபடத்தின் நடுப்பகுதியில் விழ வேண்டும். இடது ஓரத்தில் விழுந்தால் காற்று பின்னோக்கி முட்டி டர்போ அதிரும். வலது ஓரத்தில் விழுந்தால் காற்று வெறுமனே சூடாகும். வரைபடம் தராத விற்பனையாளரிடம் டர்போ வாங்குவது, அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போன்றது. பெரிய டர்போ பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் சுழன்று எழத் தாமதமாகும்.

பழைய டீசல் காரின் டர்போவைச் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் வாங்கிப் பெட்ரோல் எஞ்சினில் மாட்டும் பழக்கமும் உண்டு. டீசல் புகையைவிடப் பெட்ரோல் புகையின் வெப்பம் அதிகம். முழுச் சுமையில் 900 பாகையைத் தாண்டும். டீசலுக்கென வார்க்கப்பட்ட டர்பைன் உறை அந்த வெப்பத்தில் விரிசல் விடும்.

கிட்டில் டர்போ, புகை மேனிஃபோல்டு, இன்டர்கூலர், குழாய்கள், ஆயில் குழாய்கள் இருக்கும். பெரிய இன்ஜெக்டர், வலுவான பெட்ரோல் பம்ப், பூஸ்ட் அளவிடும் சென்சர், மாற்றி எழுதக்கூடிய ஈசியூ ஆகியவை பல கிட்டுகளில் இரா. விலையை ஒப்பிடும்போது இவற்றையும் கிளட்ச், பிரேக் ஆகியவற்றையும் சேர்த்தே கூட்ட வேண்டும்.

கோயம்புத்தூர் எடுத்துக்காட்டு

தமிழ்நாட்டில் இந்த வேலை முறையாக நடந்த ஊர் கோயம்புத்தூர். அங்குள்ள ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸுடன் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனத்தின் வழியாக, 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்ற இரு வேகக் கார்கள் வெளிவந்தன. சாதாரண டியாகோவின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 85 பிஎஸ் திறன் உடையது. ஜேடிபியின் 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் 114 பிஎஸ் திறனும் 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் பழைய எஞ்சினின்மேல் ஒரு கிட்டை மாட்டவில்லை என்பதே. நெக்ஸான் காரில் டர்போவுடனேயே பிறந்த எஞ்சினை எடுத்துத் திருத்தினார்கள். கியர் விகிதங்களை மாற்றினார்கள், சஸ்பென்ஷனைத் தணித்தார்கள், அகலமான டயர் போட்டார்கள். முழு வண்டியாக அரசின் வகைமை ஒப்புதல் பெற்றே விற்றார்கள். 2020 இல் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் வந்தபோது விற்பனை நின்றது. 29 பிஎஸ் கூட்டுவதற்கு அனுபவமிக்க நிறுவனத்துக்கு இத்தனை வேலை தேவைப்பட்டது.

சட்டநிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. எரிவாயு கிட் போன்ற சிலவற்றுக்கு மட்டும் உரிய விதிகளின்படி விலக்கு உண்டு. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 182ஏ(4), அனுமதியின்றி உதிரிபாகம் பொருத்தி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இது மத்தியச் சட்டம். எனவே பிஒய் 02 எண் கொண்ட காரைக்கால் வண்டி எல்லை கடந்து மயிலாடுதுறைக்கோ நாகப்பட்டினத்துக்கோ போனாலும் விதி மாறாது.

அபராதத்தைவிடப் பெரியது காப்பீடு. தெரிவிக்காமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க வழி ஏற்படுகிறது. டெல்டாச் சாலைகள் நேரானவை, சமதளமானவை. வேகம் காட்டத் தூண்டும். அறுவடைக் காலத்தில் அதே சாலையின் ஓரத்தில் நெல் காய்ந்துகொண்டிருக்கும்; அதைத் துழாவிவிட ஆட்கள் நின்றிருப்பார்கள். நாற்பது விழுக்காடு கூடிய திறனும் பழைய பிரேக்கும் கொண்ட கார் அங்கே வரக்கூடாது.

ஆகவே இதன் இடம் பந்தயத் தடம்தான். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் தடங்கள் உள்ளன. இரண்டும் காரைக்காலிலிருந்து நெடுந்தொலைவில் இருப்பதால், காரை லாரியில் ஏற்றிச் செல்லும் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும். போட்டியில் கலந்துகொள்பவர் வகுப்பு விதியை முன்பே படிப்பது நல்லது. பன்னாட்டு விதிகளில் பெட்ரோல் டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்கும் வழக்கம் உண்டு; அதன்படி 1.2 லிட்டர் கார் 2 லிட்டர் கார்களோடு மோத நேரும்.

பொருத்துதல்

வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டால் எஞ்சின் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. அதில் டர்போ பொருத்தக்கூடாது.

பொருத்துவதில் அதிகம் பிழைபடும் இடம் ஆயில் வடிகுழாய். டர்போவின் தண்டுக்கு ஆயில் அழுத்தத்தோடு வந்தாலும், நுரைத்த நிலையில் தன் எடையால் மட்டுமே கீழிறங்கும். எனவே வடிகுழாய் அகலமாகவும், எங்கும் மேலேறாமல் சரிவாகவும், ஆயில் சம்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலேயும் சேர வேண்டும். குழாய் வளைந்து தேங்கினால் ஆயில் பின்வாங்கிச் சீல் வழியே கசியும். நீலப் புகை வரும். டர்போ கெட்டுவிட்டது என்று புதியது வாங்கியும் புகை நிற்காமல் திகைப்பவர்கள் உண்டு. முதன்முறை எஞ்சினைத் தொடங்குமுன் டர்போவின் ஆயில் துளையில் சிறிது ஆயில் ஊற்றி, தீப்பொறியை நிறுத்திவிட்டுச் செல்ஃப் மோட்டாரால் சுற்றி, ஆயில் அழுத்தம் வந்த பிறகே பற்றவைக்க வேண்டும்.

வேஸ்ட்கேட்டுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய் கழன்றால் கதவு திறக்காது, பூஸ்ட் தறிகெட்டு ஏறும். அந்தக் குழாய்க்குக் கிளிப் போடுவதோடு, அளவு மீறினால் எரிபொருளை நிறுத்தும் கட்டளையையும் ஈசியூவில் எழுத வேண்டும்.

டியூனிங் டைனோ மேடையில் நடப்பதே முறை. மிகக் குறைந்த பூஸ்ட்டில் தொடங்கி, வைடுபேண்ட் சென்சரைப் பார்த்துக்கொண்டே கலவையைச் செழுமையாக்கி, தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி, நாக்கிங் இல்லை என்று உறுதியான பின்பே அடுத்த படிக்குப் போக வேண்டும். சாதாரண பெட்ரோலில் பூஸ்ட் ஏறும்போது 11.5 முதல் 12 வரையிலான விகிதம் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

தடத்தில் ஓடி வந்ததும் எஞ்சினை உடனே அணைக்கக்கூடாது. ஆயில் ஓட்டம் நின்றால், கனன்றுகொண்டிருக்கும் டர்போவுக்குள் தேங்கிய ஆயில் கருகித் தண்டின் துளையை அடைக்கும். மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பதே வழக்கம். கடற்கரை ஊர்களில் வைத்திருக்கும் காருக்கு இன்னொன்று: முன்பக்கத்தில் இருக்கும் அலுமினிய இன்டர்கூலரின் மடிப்புகளில் உப்பு படியும், நல்ல தண்ணீரில் அவ்வப்போது மெதுவாகக் கழுவிவிட வேண்டும்.