கால்பந்தாட்டத்தில் விரைவோட்டமும் ஓய்வும்

காஞ்சி என்றவுடன் கோயில்களும் பட்டுத்தறிகளுமே நினைவில் எழும். எனினும், பகலில் குழித்தறியின் மிதிகட்டையை மிதிக்கும் இளங்கால்கள் மாலையில் பந்தையும் உதைக்கின்றன. மைதானத்தை ஓயாது சுற்றி ஓடினாலே கால்பந்தாட்டத்திற்கு உரிய உடல்வலிமை வந்துவிடும் என்று நம் மாணவர் பலர் கருதுகின்றனர். அக்கருத்து பாதியளவே உண்மையாகும்.

உயர்நிலை ஆட்டக்காரர் ஒருவர் 90 நிமிடங்களில் ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டர் தொலைவைக் கடக்கிறார். அதில் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமுமே. மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவோட்டம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆயினும் ஆட்டத்தின் முடிவை அப்பங்கே பெரிதும் தீர்மானிக்கிறது. பாவு எத்துணை நீளமாயினும் ஊடை பாய்ந்தால்தானே சேலையாகும்!

ஒவ்வொரு பாய்ச்சலும் இரண்டு முதல் நான்கு விநாடிகளே நீடிக்கும். அதற்கான ஆற்றலைத் தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டின் உடனடியாக அளிக்கிறது. அது விரைவில் குறைந்து, ஓய்வின்போது மீண்டும் நிறைகிறது. போதிய இடைவெளி இல்லையேல் அடுத்த பாய்ச்சல் தளரும். உணவின் மாவுச்சத்திலிருந்து தசையில் சேமிக்கப்படும் கிளைகோஜனும் ஆட்டத்தின் பிற்பகுதியில் வற்றத் தொடங்குகிறது. மேலும், விரைந்தோடுகையில் பின்தொடைத் தசை பெருஞ்சுமையைத் தாங்குகிறது; ஆகவேதான் அத்தசை அடிக்கடி காயமுறுகிறது.

இறுதி நிமிடங்களின் அருமைக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்றுண்டு. 1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் ஆடிய இந்திய அணிக்கு, ஆசிரியராகப் பணிபுரிந்த ஐதராபாத் சையத் அப்துல் ரஹீம் பயிற்றுநராக விளங்கினார். அக்காலத்தில் நம் உள்நாட்டு ஆட்டங்கள் 70 நிமிடங்களே நடைபெற்றன. ஒலிம்பிக்கிலோ 90 நிமிடங்கள். பிரான்சுக்கு எதிராக முன்னிலை பெற்றிருந்த நம் அணி, 82ஆம் நிமிடத்தில் கோல் வாங்கி வெற்றியை இழந்தது; ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அதற்கு உடற்சோர்வே முழுக்காரணம் எனத் துணிந்துரைக்க இயலாது. எனினும் எஞ்சிய 20 நிமிடங்கள் எத்துணை நீண்டவை என்பது புலனாகிறது. அதே போட்டியில், பெரு நாட்டுக்கு எதிரான ஆட்டம் முடியுந்தறுவாயில் கோல் அடித்தவர் தமிழரான சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் இன்றளவும் அதுவே.

ஆகவே மாணவர்கள் மெல்லோட்டத்தோடு குறும்பாய்ச்சல், ஓய்வு, மீண்டும் பாய்ச்சல் என்ற முறையிலும் பழகுதல் வேண்டும். நீரும் உணவும் உறக்கமும் பயிற்சியின் உறுப்புகளே. ரமலானில் கடும்பயிற்சியை நோன்பு திறந்த பின்னர் அமைத்துக்கொள்ளலாம். 2021 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில், லெஸ்டர் சிட்டி, கிரிஸ்டல் பேலஸ் அணிகளுக்கிடையே நடந்த ஆட்டம், வீரர்கள் நோன்பு திறப்பதற்காகச் சற்றே நிறுத்தப்பட்டது. கடமையும் களமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அது நற்சான்று.

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனை அறிந்து உழைப்பவருக்கே இறுதி நிமிடங்களும் கைகொடுக்கும்.