கடற்பூதமும் நம் சபையோரும்

கல்லடியிலே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் உள்ள நண்பர் ஒருவரின் வீட்டு முற்றத்தில், சென்ற பள்ளி விடுமுறையின்போது வெள்ளைத் துணி கட்டித் திரைப்படம் ஒன்று காட்டினார்கள். பிள்ளைகள் விரும்பிக் கேட்ட படம். 2014ஆம் ஆண்டில் காரெத் எட்வேர்ட்ஸ் என்பார் நெறிப்படுத்திய ‘கொட்ஸில்லா’. யப்பானியர் 1954இல் ஆக்கிய பழம் படத்தினை அமெரிக்கர் தம் போக்கில் மீண்டும் ஆக்கியது. நிகண்டும் இலக்கணமும் படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று வாசகர் வினவலாம். மாணவர் சிலர் கையைப் பற்றி அழைத்தனர். மறுக்க மனம் வரவில்லை.

பூதத்தின் பெயரே என்னை முதலில் ஈர்த்தது. யப்பானியர் அதனைக் ‘கொஜிரா’ என்பர். கொரில்லா என்னும் பெருங்குரங்கின் பெயரையும் திமிங்கிலத்தைக் குறிக்கும் ‘குஜிரா’ என்னும் தம் சொல்லையும் ஒட்டி ஆக்கிய பெயர் அது. நம் திமிங்கிலமும் இத்தகைய ஒட்டுப் பெயரே. திமி என்னும் பெருமீனை விழுங்குவது திமிங்கிலம். அதனையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று வடமொழியாளர் மேலும் ஒரு படி ஏறினர். ஆகவே பெரிதினும் பெரிது படைத்து வியக்கும் ஆசை இன்று தோன்றியதன்று.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மருட்கை, அதாவது வியப்பு, நான்கின் வழியாகப் பிறக்கும் என்கிறார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். ஒன்று பிறிதொன்றாகத் திரிவதே ஆக்கம். இப்படத்தை ஆக்கியோர் மெய்ப்பாட்டியலைக் கண்டிலர். ஆயினும் நான்கும் அங்கே உள. 1954இல் 50 மீற்றர் உயரமாயிருந்த பூதம் 2014இல் 108 மீற்றராக வளர்ந்துவிட்டது. நம் ஊர் நெடுந்தென்னை நான்கினை ஒன்றன்மேலொன்றாக நிறுத்தினாலும் அதன் தலையை எட்டா. அதன் காலடியில் மாந்தர் எறும்பாகின்றனர், அது சிறுமை. ‘மூட்டோ’ என்னும் பகைப் பூதங்கள் இரண்டு, கதிர்வீச்சையே இரையாக உண்டு, கூடுடைத்து வெளிவருகின்றன. ஆண் சிறகுடையது, பெண்ணோ சிறகற்றது, உருவிற் பெரியது. மடக்கிய குடைக்குக் கால் முளைத்தாற்போல இருக்கிறதென்றான் ஒரு சிறுவன். அவ்வுவமையை நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

எனினும் பிள்ளைகள் பொறுமை இழந்தனர். படம் தொடங்கி ஒரு மணிநேரம் கழிந்தும் நாயகப் பூதம் முழுமையாகத் தோன்றவில்லை. “இன்னும் வரல்லையே சேர்!” என்று பின்னாலிருந்து குரல் எழுந்தது. ஈற்றில் அது விமான நிலையத்திலே நின்று முழங்கிய கணமே காட்சி மாறி, எங்கோ ஒரு வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியிலே அப்போர் துண்டு துண்டாகத் தெரிந்தது. முற்றம் முழுவதும் கூக்குரல்! இக்குறையை உலகெங்கும் பலர் சொன்னார்கள். யப்பானிய இரசிகர் சிலரோ, பூதம் மிகவும் கொழுத்துவிட்டதென்று நகையாடினர். 1998இல் ரோலண்ட் எம்மெரிக் ஆக்கிய முந்திய அமெரிக்கப் படத்துக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டால் இது புகழுரையே. அப்பூதம் ஓணானை ஒத்து ஓடி ஒளிந்தது. அதனை ஏற்க மனமில்லாத யப்பானியர், ‘கொட்’ என்னும் தெய்வப் பகுதியை வெட்டிவிட்டு, வெறும் ‘ஸில்லா’ என்று அதற்குப் பெயரிட்டு, 2004இல் தம் படமொன்றிலே மெய்யான கொட்ஸில்லாவின் கையாற் சில நொடிகளில் மாளச் செய்தனர்.

தாமதம் குறையென்று நான் கருதவில்லை. நம் வடமோடிக் கூத்திலே அரக்கன் வருவதற்கு முன் அண்ணாவியார் மத்தளத்தை எத்துணை நேரம் முழக்குவார்! சல்லரி ஒலியும் சதங்கை ஒலியும் இருளிலே கேட்கும், ஆள் வாரான். பாயிலே உறங்கிய குழந்தை எழுந்து தாயின் மடியிற் புகுந்த பின்னரே கரப்புடுப்பும் முடியும் பந்த வெளிச்சத்தில் தெரியும். களரியிலே அரைவாசி அச்சம் காதின் வழியே வருவது. 1954இன் படத்துக்கு இசையமைத்த இபுகுபே, பெரிய நரம்புக் கருவியொன்றின் தளர்த்திய நரம்பைப் பிசின் தடவிய தோலுறையால் இழுத்தே அப்பூதத்தின் முழக்கத்தை உண்டாக்கினாராம். மீன் பாடுமென்று வாவியிலே காது வைத்துக் கேட்ட ஊராருக்கு இது விளங்கும்.

மறு ஆக்கம் என்பதும் நமக்குப் புதிதன்று. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் வடமோடியைப் புதுக்கி, ‘இராவணேசன்’ என்னும் கூத்தினை மேடையேற்றினார். நம் மண்ணின் சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். விடியும் வரை வட்டக்களரியில் நாற்புறமும் இருந்து கண்ட கூத்தினை ஒரு புறமிருந்து சில நாழிகையிற் காண்பதா என்று வருந்தினோர் உண்டு. ஆயினும் அம்மறு ஆக்கத்தில் அரக்கனுக்கு ஓர் அகம் கிடைத்தது. அமெரிக்கப் படத்திற் கூடியது உயரமே.

இனி, நான் எழுத வந்ததைச் சொல்கிறேன். பூதம் ஹவாய்த் தீவிலே கரையேறுமுன் கடல் எழுகிறது. அலை நகரத்துள் நுழைகிறது. நாயொன்று அதன் முன்னே ஓடுகிறது. மக்கள் தெருத்தெருவாக ஓடுகின்றனர். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்கள் யாவரும் 2004இன் பின் பிறந்தவர்கள். பின்வரிசையிலிருந்த முதியோர் ஒருவரும் பேசவில்லை. நண்பரின் மாமியார், எழுபதைக் கடந்தவர், மெல்ல எழுந்து வாவிப் பக்கமாகப் போய் நின்றார். அவர் நாவலடியில் வாழ்ந்தவர். 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை. அன்று இந்நாட்டில் 30,000 பேருக்கு மேல் இறந்தனர். நாவலடி ஏறத்தாழ முற்றாய் அழிந்தது. அவ்வீட்டில் அதற்குமேல் அதைப்பற்றி எவரும் பேசுவதில்லை. கைதட்டிய பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன். எதைச் சொல்லிக் கடிவது?

1954இல் யப்பானியப் படமாளிகைகளில் இருந்தோரை அப்பொழுது நினைத்தேன். அவ்வாண்டு பங்குனி முதலாந் தேதி பிக்கினித் தீவில் அமெரிக்கர் வெடித்த குண்டின் சாம்பல், 23 மீனவரோடு சென்ற ஒரு யப்பானியப் படகின்மேற் பொழிந்தது; புரட்டாதியில் அவர்களுள் ஒருவர் இறந்தார். கார்த்திகையில் படம் வெளியாயிற்று. 96 இலட்சம் பேர் அதைப் பார்த்தனர். அதிலே குண்டுதான் பூதத்தை எழுப்பியது. 2014இன் படத்திலோ அக்குண்டு பூதத்தைக் கொல்லும்பொருட்டு வீசப்பட்டதாக மாற்றிவிட்டனர். ஹிரோஷிமாவில் 8.15க்கு நின்றுபோன தந்தையின் கைக்கடிகாரத்தை ஒருவர் எடுத்துக் காட்டுகிறார், அவ்வளவே. அக்காட்சியைப் பிள்ளைகள் கவனித்திலர். அவ்வாறே நம் அலையும் அவர்களுக்கு வெறும் காட்சியாயிற்று.

ஆனால் பிள்ளைகளைக் கல்நெஞ்சர் என்று எண்ண வேண்டா. பெண் மூட்டோ இட்ட முட்டைகள் தீயில் எரிய, அது ஓடிவந்து அவ்விடத்தைப் பார்த்து நிற்கும்போது, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “பாவம் சேர் அது,” என்றாள்.

அதற்கு முன்பே பேரன் எழுந்து அம்மம்மாவைத் தேடிப் போயிருந்தான். “தண்ணி வடிஞ்சிற்றா மனே?” என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. “வடிஞ்சிற்று, வாங்க அம்மம்மா.” அவர் வந்து பாயில் அமர்ந்து, சேலைத் தலைப்பாற் காலை மூடிக்கொண்டு, நீலத் தீயுமிழும் அந்த 108 மீற்றர்ப் பூதத்தைச் சற்று நேரம் உற்று நோக்கினார்.

“இதுக்கா எல்லாரும் ஓடினவங்க?” என்று பேரனிடம் கேட்டார்.