கேத்தி ஊசியோடு ஒரு குளிர்கால வாரம்

சென்னை கே.கே. நகரில் ஃபேன்ஸி ஸ்டோர் ஒன்றில் நுழைந்து நிட்டிங் ஊசி கேட்டால், பொட்டு அட்டைகளுக்கும் ரிப்பன் சுருள்களுக்கும் பின்னாலிருந்து சாம்பல் நிற அலுமினிய ஜோடி ஒன்றைக் கடைக்காரர் எடுத்துத் தருவார். உறையில் ‘போனி’ என்று அச்சடித்திருக்கும். ஊசியின் தலைக்குமிழில் 8, 10, 12 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்றுதான் வாங்குகிறவர்கள் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது நீலகிரி ஊசி. குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் வழியில், கேத்திப் பள்ளத்தாக்கை ஒட்டிய எல்லநள்ளியில் செய்கிறார்கள்.

நீடில் இண்டஸ்ட்ரீஸ் என்ற அந்த நிறுவனம் ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றின் கிளையாக 1949-ல் தொடங்கியது. அன்னியச் செலாவணிச் சட்டம் இறுகிய பிறகு, பங்குகள் யார் கைக்குப் போவது என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போய் 1981-ல் முடிந்தது. கம்பெனி சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது. வழக்கு எப்படியோ போகட்டும். தையல் ஊசி, குரோஷா ஊசி, நிட்டிங் ஊசி என்று பல நாடுகளின் கைவேலைக் கடைகளில் தொங்குகிற சரக்கு நம் மலையிலிருந்து போகிறது. அந்த மலைக்கு விடுமுறையில் போகும் நாம்தான் அதை எடுத்துப் போவதில்லை.

அரையாண்டு விடுமுறையிலும் பொங்கலை ஒட்டியும் சென்னையிலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கிளம்புகிற நாம் எப்படிப் போய் வருகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று நாள், ஒரு வேன். பொட்டானிகல் கார்டன், போட் ஹவுஸ், தொட்டபெட்டா, பைக்காரா. ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம், அதில் பாதி வண்டி நிறுத்த இடம் தேடி. திரும்பி வந்து இரண்டு நாள் உடம்பு வலி. இவ்வளவு செலவழித்துப் போனது குளிரை அனுபவிக்க. வேன் கதவிலிருந்து டிக்கெட் கவுன்டர் வரைக்கும் நடக்கும் தூரத்தில்தான் அந்தக் குளிரைச் சந்திக்கிறோம். குளிர் ஊருக்குப் போனால் ஓரிடத்தில் உட்கார வேண்டும். உட்காருவதற்குக் கையில் ஒரு வேலை வேண்டும். ஊசியும் நூலும் அதற்குத்தான்.

சென்னையில் இந்த வேலைக்குத் தேவையே இல்லை என்பதும் உண்மை. நம் ஊரில் ஜனவரி விடியற்காலைகூட இருபது டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி, அதுவும் நூறாண்டுக்கு முந்தைய கதை. ஆனாலும் பின்னுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு வெளியே போக முடியாத சாயங்காலங்களில் ஹவுசிங் போர்டு வீடுகளின் பால்கனிகளில் பார்க்கலாம். மழை விட்டால் கே.கே. நகர் சிவன் பார்க் பெஞ்சுகளில். நடைப்பயிற்சி முடித்து உட்கார்ந்து, மடியில் துணிப்பை வைத்து, பேச்சும் கையும் ஒன்றாக ஓடும். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா, அடர்பச்சை நூலில் அரைக்கை ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்.

“யாருக்குக்கா இது?”

“எனக்கேதாம்மா. தை பொறந்ததும் குன்னூர் போவேன்ல, அதுக்கு. இங்க போட்டா வேர்க்குரு வந்துடும்.”

“கடையில வாங்கினா ஐந்நூறு ரூபாய்க்கே கிடைக்குமே?”

“கிடைக்கும். ஆனா, இந்த மூணு மாசம் கிடைக்குமா?”

அவர் ஒரு கணம்கூடக் கையை நிறுத்தவில்லை. ஊசி முனை கண்ணிக்குள் நுழைகிறது, நூல் ஒரு சுற்றுச் சுற்றுகிறது, புதுக் கண்ணியை இழுத்துக்கொண்டு முனை வெளியே வருகிறது, பழைய கண்ணி இடது ஊசியிலிருந்து நழுவி விழுகிறது. முன்பக்கமாக நுழைத்தால் நிட், பின்பக்கமாக இழுத்தால் பர்ல். எவ்வளவு பெரிய ஸ்வெட்டரும் இந்த இரண்டுதான். ஒரு கண்ணி தவறிவிட்டால் மட்டும் துணி ஏணிப்படியாகக் கீழே பிரிந்துகொண்டே போகும். பதற வேண்டாம். குரோஷா ஊசியை விட்டு ஒவ்வொரு படியாகக் கொக்கி மாட்டி மேலே ஏற்றிவிடலாம். அந்த அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விரல் நுனியின் தடவலிலேயே தவறிய கண்ணியைக் கண்டுபிடித்தார்.

சென்னைக்கும் நூலுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு 2016 ஜனவரி 31-ஐச் சொல்ல வேண்டும். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற பெண்கள் குழு அன்றைக்குச் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. பல ஊர்ப் பெண்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து பின்னிய ஒரு மீட்டர் சதுரங்கள் ஒன்றுசேர்ந்ததுதான் அந்தப் போர்வை. சாதனை பதிவானதும் அதைப் பிரித்து, போர்வை இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். குளிரே இல்லாத ஊரில் அன்றைக்கு உலகத்திலேயே பெரிய போர்வையை விரித்தோம் என்ற பெருமை எனக்கு இன்னும் குறையவில்லை. இதற்கும் முன்னால், 1962 சீனப் போரின்போது, எல்லையில் நின்ற ஜவான்களுக்காக நாடெங்கும் பெண்களும் பள்ளி மாணவிகளும் ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள். பனியையே பார்த்திராத ஊர்களிலும் அப்போது ஊசிகள் ஓடின.

முதல்முறை பின்னப் போகிறவர்கள் ஸ்வெட்டரில் கைவைக்க வேண்டாம். மஃப்ளர் போதும். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது ஆங்கிலேய அளவு; எண் கூடக்கூட ஊசி மெலியும். எட்டாம் நம்பர் என்றால் நான்கு மில்லிமீட்டர் கனம், பழகும் கைக்கு அதுதான் சரி. டபுள் நிட்டிங் கன நூலில் இருநூறு கிராம் வாங்கிக்கொண்டு நாற்பது கண்ணி ஏற்றி, எல்லா வரிசையும் நிட் மட்டுமே போட்டால் ஓரம் சுருளாத துணி வரும். நூலைப் பார்த்து வாங்க வேண்டும். ‘உல்லன்’ என்று சொல்லிக் கொடுப்பதில் பெரும்பாலானது அக்ரிலிக். விலை குறைவு, நிறம் அள்ளும், துவைக்க எளிது, பழகுவதற்கு நல்லது. ஆனால் ஈரத்தைக் குடிக்காது. அசல் கம்பளியோ தன் எடையில் முப்பது சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. மலையில் மாலை மூடுபனியில் நடக்கும்போது இந்த வித்தியாசம் கழுத்துக்குத் தெரியும்.

இனிப் பயணம். அசோக் நகரில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரல். அங்கே இரவு ஒன்பது மணிவாக்கில் நீலகிரி எக்ஸ்பிரஸ். விடிந்தால் மேட்டுப்பாளையம். காலை ஏழு மணி சுமாருக்கு மலை ரயில் கிளம்பும். ஊட்டி வரை 46 கிலோமீட்டர், அதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் நடுத் தண்டவாளத்தின் பற்களைக் கவ்விக்கொண்டு நீராவி இஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளை உந்தும். பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓர் அடி ஏற்றம். குன்னூர் வரைக்கும் 1899-லும் ஊட்டிக்கு 1908-லும் வந்த பாதை; 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. பின்னுவதற்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இந்தியாவில் கிடையாது என்பேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கை தன் வேலையைச் செய்யும். குகை இருட்டிலும் கண்ணி தவறாமல் ஓடுகிறதென்றால் கை பழகிவிட்டது என்று அர்த்தம். குன்னூர், வெலிங்டன், அரவங்காடு கடந்ததும் கேத்தி ஸ்டேஷன். நம் கையிலிருக்கும் ஊசியின் சொந்த ஊர்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஜனவரி இரவில் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும். தலைக்குந்தா மாதிரிப் பள்ளங்களில் புல் மட்டத்தில் பூஜ்யத்தைத் தொட்டு, விடிந்தால் புல்வெளி முழுக்க உப்புப் பூத்த வெள்ளை. உறைபனி விழுவது மேகமில்லாத, காற்றசையாத இரவுகளில்தான். தரையின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடுவதால் அப்படி உறைகிறது. ஆகவே உறைபனி விழுந்த மறுநாள் நல்ல வெயிலடிக்கும் என்று ஏறக்குறைய நம்பலாம். அந்த வெயிலுக்காகக் காத்திருப்பதே ஒரு சுகம். ஏழு மணிக்கு அலுமினிய ஊசியைத் தொடவே முடியாது, விரல் மரத்துப்போகும். கணப்பு அடுப்பின் பக்கத்திலோ, சூடான டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டோ கொஞ்ச நேரம் கழியும். ஒன்பது மணிக்கு வராண்டாவில் ஒரு பாய் அளவுக்கு வெயில் விழும். நாற்காலியை அதற்குள் இழுத்துப் போட்டு உட்கார வேண்டியதுதான். வெயில் நகர நகர நாற்காலியும் நகரும். சென்னையில் வியர்வைப் பிசுக்கில் ஊசியோடு ஒட்டிக்கொண்டு இழுபட்ட அதே நூல், இந்த உலர்ந்த காற்றில் தடையின்றி வழுக்கி ஓடும். மழைக்காலச் சாயங்காலம் முழுக்கப் பிடித்த நான்கு விரற்கடை இங்கே ஒரு முற்பகலில் வந்துவிடும்.

டீக்கு வர்க்கி. விறகு அடுப்பில் சுட்ட, மடிப்பு மடிப்பாக உதிரும் ஊட்டி வர்க்கியை டீயில் நனைத்து வாய்க்குக் கொண்டுபோகும் நேரம் மிகக் குறைவு. தாமதித்தால் டம்ளரின் அடியில்தான் கிடைக்கும். கையில் நெய்ப்பிசுக்கு இருக்கும், நன்றாகக் கழுவிவிட்டுத்தான் ஊசியைத் தொட வேண்டும். மண் ஒட்டிய கேரட்டைக் கழுவிக் கடித்தால் பழம்போல இனிக்கும். மார்க்கெட்டில் பச்சைப் பட்டாணி வாங்கி வந்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து உரிக்கலாம். முனுசாமி சாலை டிஸ்கவரி புக் பேலஸில் வாங்கி, படிக்காமலே அலமாரியில் கிடக்கும் ஏதாவது ஒரு தடித்த நாவலையும் எடுத்துப் போங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பின்னிக்கொண்டே கேட்கலாம். இரவில் வெந்நீரில் நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு. இவற்றுக்கெல்லாம் நுழைவுச் சீட்டு கிடையாது, வரிசை கிடையாது.

பின்னுவதன் நிம்மதிக்கு ஆய்வும் உண்டு. 2013-ல் பிரிட்டனின் தொழில்வழி சிகிச்சை ஆய்விதழ் ஒன்றில், பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல்காரர்களிடம் எடுத்த கருத்தாய்வு வெளியானது. அடிக்கடி பின்னுகிறவர்கள் அமைதியும் மகிழ்ச்சியும் கூடுவதாகச் சொல்லியிருந்தார்கள். சிவன் பார்க் அக்காக்கள் இதை ஆய்வு இல்லாமலே அறிவார்கள்.

ஒரே ஒரு நாள் வெளியே போவதென்றால், ஆட்டைப் பார்க்கப் போங்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆடும் டாஸ்மேனிய மெரினோ முதலான சீமை ஆடுகளும் கலந்து உருவான நீலகிரிச் செம்மறி இனத்தை அங்கே காக்கிறார்கள். தென்னிந்தியாவில் மென்கம்பளி தரும் சொந்த இனம் இது, எண்ணிக்கை சுருங்கிப்போய்விட்டது. கொடைக்கானல் போகிறவர்களுக்கு மன்னவனூர். மத்தியச் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் அந்தப் புல்வெளியில் இயங்குகிறது. பாரத் மெரினோ ஆடுகள் மேய்கின்றன. நூல் பந்தாக மட்டுமே கம்பளியைப் பார்த்த குழந்தைகள், அதை ஆட்டின் முதுகில் கைவிட்டுப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விட வேண்டாம். மேல் மயிர் அழுக்காக இருக்கும், விலக்கினால் உள்ளே வெண்ணெய் நிறம்.

திரும்பும் முன் தோடர் பூத்தையலைப் பார்க்காமல் வரக் கூடாது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் போடும் தையல் அது. பென்சில் கோடு இல்லை, சட்டம் இல்லை, மாதிரிப் படம் இல்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போகும். இரண்டு பக்கமும் பார்க்க அழகாக இருக்கும். மேடு தட்டிய சொரசொரப்பான பக்கத்தையே அவர்கள் நல்ல பக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘பூத்துக்குளி’ என்ற போர்வை வாழ்விலும் சாவிலும் அவர்களோடு இருப்பது. 2013-ல் இந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்தும், மெஷினில் போட்ட போலிகள் அதே சிவப்புக் கறுப்பில் கடைகளில் தொங்குகின்றன. திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மலையேறுவதற்கு முன் செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்கள் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் எடுக்க வேண்டும். மலை ரயில் டிக்கெட் முன்பதிவு திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். நூல் பந்துகளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து பிரித்துத் துணிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பை தடை கறாரானது. கிறிஸ்துமஸ் வாரத்தையும் பொங்கல் விடுமுறையையும் விட்டுவிட்டு, அதற்கடுத்த வாரம் போவது உத்தமம். கூட்டம் வடிந்திருக்கும், குளிர் அப்படியே இருக்கும்.

தோடர் பெண்களிடம் பேரம் மட்டும் பேசாதீர்கள். ஒரு மஃப்ளர் பின்ன எத்தனை நாள் ஆனது என்று உங்கள் கைக்கே அப்போது தெரிந்திருக்கும். இழை எண்ணிப் போட்ட ஒரு முழுப் போர்வைக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். போர்வை கட்டுப்படியாகாவிட்டால் சின்ன பர்ஸ் இருக்கிறது, மொபைல் பை இருக்கிறது, புத்தக அடையாள அட்டை இருக்கிறது. சொல்கிற விலையைக் கொடுத்து ஒன்று வாங்குங்கள். முடிந்தால், தைத்தவரிடமே.