காற்றின்மேல் நிற்கும் வண்டி

ஆனையைக் கட்டித் தீனி போடுவது என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கையின் கணவர், பழைய ரேஞ்ச் ரோவர் வண்டியொன்றைச் சொற்ப விலைக்கு வாங்கியிருப்பதாக எழுதியபோது எனக்கு அந்த ஆனைதான் ஞாபகத்துக்கு வந்தது.

1970-ம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தபோது இந்த வண்டி இவ்வளவு பெரிய சீமானாக இருக்கவில்லை. சேற்றிலும் மேட்டிலும் உழைத்துவிட்டு வந்தால் உட்புறத்தையே தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம். தோல் ஆசனமும் மர வேலைப்பாடும் பின்னால் வந்தவை. 1994-ல் வெளிவந்த இரண்டாவது வகையில் சுருள்வில்லுக்குப் பதிலாக ரப்பர்க் காற்றுப் பைகளை வைத்தார்கள். மாப்பிள்ளையின் வண்டி அந்த வகை. 2008-ல் டாட்டா கம்பெனியார் இந்த ஸ்தாபனத்தை விலைக்கு வாங்கியதால், "நம்முடைய வண்டிதானே, மச்சான்!" என்று அவருக்கு ஒரு திருப்தி. வண்டி அதற்கு முன்பே பிறந்துவிட்டது என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

கோடை விடுமுறையில் நான் அங்கே போயிருந்த சமயம், ஒருநாள் காலையில் பார்த்தால் வண்டி பின்பக்கம் சாய்ந்து, படுக்கப் போகும் ஒட்டகத்தைப் போல் இருந்தது. பழுது பார்க்கும் நிலையத்தார் கேட்ட கூலியோ வண்டி வாங்கிய விலையில் பாதிக்குமேல்! "நானே செய்துவிடுகிறேன்" என்று மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்தார்.

விஷயம் இதுதான். காற்றை அழுத்தித் தரும் சிறு யந்திரம் ஒன்று. சேமித்து வைக்க ஒரு தொட்டி. வால்வுப் பெட்டியிலிருந்து நான்கு பைகளுக்கும் நான்கு மெல்லிய குழாய்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உயரத்தை அளக்கும் ஓர் உறுப்பு உண்டு. அது சொல்வதைக் கேட்டுக் கணிப்பொறி காற்றை ஏற்றும், இறக்கும். வயதான ரப்பர் மடிப்பில் மயிரிழைபோல் வெடிக்கும். கசிவை ஈடுசெய்யக் காற்று யந்திரம் ஓயாமல் ஓடிச் சூடேறித் தேய்ந்துபோகும். ஆகவே, பையைக் கவனிக்காமல் யந்திரத்தை மட்டும் மாற்றுகிறவர் இரண்டாவது யந்திரத்தையும் பலி கொடுக்க நேரிடும். இந்தத் தொல்லையே வேண்டாமென்று சுருள்வில்லுக்கு மாறிவிடுகிறவர்களும் பலர். செலவு மிச்சந்தான், ஆனால் நினைத்தபோது உயர்ந்து தாழும் வித்தை போய்விடும்.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய சாஸ்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. சோப்புத் தண்ணீரைத் தெளித்தோம். இடது பின் பையின் மடிப்பில் நுரை பொங்கிற்று.

உடனே மாப்பிள்ளை ஜாக்கியை முட்டுக்கொடுத்துவிட்டு அடியில் நுழையப் பார்த்தார். வண்டியின் எடை ஏறக்குறைய இரண்டு டன். ஜாக்கி நழுவினாலும் சரி, பையில் மிச்சமிருக்கும் காற்று திடீரென்று இறங்கினாலும் சரி, கீழே இருப்பவரின் கதி என்ன? "தாங்கி வைக்காமல் இவரைக் கீழே போக விடாதேயுங்கள், அண்ணா" என்றாள் தங்கை ஜன்னலிலிருந்து. நானும் விளக்குப் பிடிக்க மறுத்துவிட்டேன். வகுப்பில் பையன்களிடம் காட்டும் பிடிவாதம் அன்று உதவிற்று. மாப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே போய் இரும்புத் தாங்கிகள் இரண்டு வாங்கி வந்து, சமதரையில் சட்டத்தின் அடியில் நிறுத்தினார். காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே குழாயைக் கழற்றினார்.

துருவேறிய ஓர் ஊசியைப் பிடுங்க அரை நாள் ஆயிற்று. புதுப் பையைப் பொருத்தப் பத்து நிமிஷம். வலது பையும் அதே வயதுடையதாகையால் அதையும் மாற்றினார். யந்திரத்தை முடுக்கியதும், வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு மெல்ல எழுந்து நின்றது. தெருவில் போன ஒரு கிழவர்கூட நின்று பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் அளவு நாடாவும் கையுமாக இருவரும் வாசலுக்கு ஓடினோம். பின்பக்கம் இரண்டும் முதல் நாள் அளந்தபடியே இருந்தன. முன்பக்கம், வலதுபுறம் மட்டும் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் சோப்புத் தண்ணீர் கரைக்க உள்ளே போனார்.