அருளா, முடிவா? மனமாற்றக் கொள்கையின் ஐந்நூறு ஆண்டுகள்

இவாஞ்சலிக்கல் எனப்படும் சுவிசேஷ இயக்கக் கிறிஸ்தவத்தின் அடையாளங்கள் எவை என்பதை ஆராய்ந்த பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன், 1989இல் வெளியிட்ட நூலில் நான்கைச் சுட்டினார்: தனிமனித மனமாற்றம், வேதாகமத்தின் அதிகாரம், சிலுவையை மையமாகக் கொண்ட விசுவாசம், செயல்முனைப்பு. இவற்றுள் மனமாற்றமே இம்மரபின் உயிர்நாடி. பிரசங்கத்தின் முடிவில் விடுக்கப்படும் அழைப்பை ஏற்று ஒருவர் முன்னே சென்று தம்மை ஒப்புக்கொடுப்பதும், அந்த நாளையே தம் இரட்சிப்பின் நாளாகக் கொள்வதும் அப்போஸ்தலர் காலம்தொட்டு மாறாமல் வரும் வழக்கம் என்று விசுவாசிகளில் பலர் கருதுகின்றனர். ஆனால் அது சீர்திருத்த இயக்கம் எழுப்பிய கேள்வி ஒன்றுக்குப் பிற்காலத் தலைமுறைகள் அளித்த விடைகளுள் ஒன்றேயாகும்.

சீர்திருத்தவாதிகளின் விடை

பாவியான மனிதன் கடவுளுக்கு முன் நீதிமானாக எண்ணப்படுவது எப்படி என்பதே 16ஆம் நூற்றாண்டின் கேள்வி. விசுவாசத்தினால் மட்டுமே என்று விடையளித்த மார்ட்டின் லூதர், அந்த விசுவாசமும் கடவுள் அருளும் கொடையே என்றார். ஜான் கால்வின் இதை முன்குறித்தல் என்னும் கோட்பாட்டோடு, அதாவது இரட்சிக்கப்படுவோரைக் கடவுள் ஆதியிலேயே தெரிந்துகொள்கிறார் என்னும் போதனையோடு இணைத்தார். மனிதன் அருளை எதிர்த்து விலக்கவும் கூடும் என்று டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் சீடர்கள் 1610இல் வாதிட, 1618–19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய பேரவை அவர்கள் கருத்தை நிராகரித்தது. ஆயினும் இரு தரப்பினருமே மனமாற்றத்துக்கு நாள் குறித்துக் கேட்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் ஞானோபதேச வினாவிடை வழியாகப் படிப்படியே விசுவாசத்தில் வளர்வார்கள் என்பதே பொது எதிர்பார்ப்பாக இருந்தது.

அனுபவம் அளவுகோலாதல்

அந்த எதிர்பார்ப்பு, உள்ளத்தைத் தொடாத வெறும் சடங்காகிவிடலாம் என்ற அச்சம் 17ஆம் நூற்றாண்டில் வலுத்தது. மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் என்னும் ஆங்கிலேயச் சீர்திருத்தப் பிரிவினர், சபையில் முழு உறுப்பினராக விரும்புவோர் தம் உள்ளத்தில் கடவுள் செய்த கிரியையைச் சாட்சியாக எடுத்துரைக்க வேண்டும் என்றனர். ஜெர்மனியில் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் 1675இல் வெளியிட்ட சீர்திருத்த ஆலோசனைகளிலிருந்து, தனிமனித பக்தியை வலியுறுத்தும் பியட்டிச இயக்கம் வலுப்பெற்றது. அதன் அடுத்த தலைவரான ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே, 1687இல் தமக்கு நேர்ந்த மனமாற்றத்தை, கடும் மனப்போராட்டத்துக்குப்பின் கிடைத்த உறுதி என்று பதிவு செய்தார். அவருடைய ஹாலே நகர நிறுவனங்களின் செல்வாக்கில் உருவான மிஷனரி சீகன்பால்குதான் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார் என்பதால், தமிழகத்துப் புராட்டஸ்டண்டு மரபின் தொடக்கமும் இந்தப் பக்தி நெறியோடு பிணைந்ததே.

எட்வர்ட்ஸும் ஃபின்னியும்

எழுப்புதல், அதாவது திரளானோர் ஒரே காலத்தில் ஆன்மீக விழிப்படைதல், எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வியில் இம்மரபு இரண்டாகப் பிரிந்தது. மாசசூசெட்ஸின் நார்த்தாம்ப்டன் நகரில் 1734–35இல் நிகழ்ந்த எழுப்புதலை நேரில் கண்ட போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ், அது கடவுள் வியப்புக்குரிய வகையில் செய்த செயல் என்று எழுதினார். உணர்ச்சி மிகுதியோ, அழுகையோ, உடல் நடுக்கமோ மெய்யான விசுவாசத்துக்குச் சான்றாகா. நீடித்து நிற்கும் வாழ்க்கை மாற்றமே தலையாய சான்று என்று 1746இல் வெளிவந்த நூலில் அவர் விரிவாக நிறுவினார். சட்டம் பயின்று பின்னர் பிரசங்கியாரான சார்லஸ் ஃபின்னியோ, எழுப்புதல் அற்புதமன்று, விதைத்தவன் அறுப்பதுபோல் தக்க வழிமுறைகளைக் கையாள்வதால் கிட்டும் பலன் என்று 1835இல் வெளியான விரிவுரைகளில் போதித்தார். உடனடியாக முடிவெடுக்கத் தூண்டுவதற்காக, மனக்கலக்கம் கொண்டோர் வந்து அமரும் தனி இருக்கைகளைக் கூட்டத்தின் முன்வரிசையில் அவர் ஒதுக்கினார். இம்முறையை 1843இல் கண்டித்த இறையியலாளர் ஜான் நெவின், இருக்கையை நோக்கி எடுத்து வைக்கும் அடியைக் கிறிஸ்துவிடம் வருவதாக மக்கள் மயங்கக்கூடும் என எச்சரித்து, ஞானோபதேசத்தின் பொறுமையான வழியை முன்வைத்தார்.

வரலாறு பெரிதும் ஃபின்னியின் பக்கமே சாய்ந்தது. 1949இல் லாஸ் ஏஞ்சல்ஸில் எட்டு வாரங்கள் நீடித்த கூட்டங்களால் புகழ்பெற்ற பிரசங்கியார் பில்லி கிரஹாம், முடிவெடுத்து முன்வந்தோரின் விவரங்களை அட்டைகளில் பதிந்து உள்ளூர்ச் சபைகளோடு இணைக்கும் ஏற்பாட்டைச் செம்மைப்படுத்தினார். அவ்வழியில் எண்ணற்றோர் மெய்யான விசுவாசத்தைக் கண்டடைந்தனர் என்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அதே கிரஹாம் முன்னின்று கூட்டிய 1974ஆம் ஆண்டு லோசான் உலகச் சுவிசேஷ மாநாட்டின் உடன்படிக்கையே, பலனை உறுதிசெய்யும் ஆவலில் கேட்போரை நெருக்கியதும் எண்ணிக்கைகளில் மிகையாக மனம் செலுத்தியதும் உண்டு என்று வெளிப்படையாக அறிக்கையிட்டது. வெளியிலிருந்து வந்த பழிச்சொல்லாக அன்றி, இயக்கம் தன் சொந்த மனசாட்சியால் உரைத்த தீர்ப்பாக அமைந்தமையே அந்த அறிக்கையின் பெருமை.

இம்மரபின் வரலாற்றைக் கற்பது விசுவாசத்தைத் தளர்த்தும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மனமாறிய நாளைச் சொல்ல இயலாமல், கிறிஸ்தவக் குடும்பத்தில் படிப்படியாக விசுவாசத்தில் வளர்ந்த ஒருவர் தம் இரட்சிப்பை ஐயுறத் தேவையில்லை என்பதற்குச் சீர்திருத்தவாதிகளின் சபை வாழ்வே சான்று. கூட்டத்தில் கண்ணீர் விட்ட ஒருவர் அதோடு நிறைவடைந்துவிடக் கூடாது என்பதற்கு எட்வர்ட்ஸின் அளவுகோல் துணைநிற்கிறது. மனமாற்றத்தை வலியுறுத்தும் ஒரு சபை, முன்வந்தோரை எண்ணுவதோடு நில்லாமல் அவர்களைப் பல்லாண்டுகள் போதித்து வளர்க்கும் பொறுப்பையும் ஏற்கும்போதுதான், தான் மதிக்கும் முன்னோர்களின் முழு மரபுக்கும் உண்மையாக நடக்கிறது.