பழைய யுகுலேலேயின் வயதும் விலையும்

அமெரிக்க நாட்டில் முதியோர் ஒருவர் மறைந்தபின் அவர்தம் இல்லத்துப் பொருள்களைப் பிரிக்கும்பொழுது, நான்கு தந்திகளையுடைய சிறு மரக்கருவி ஒன்று அகப்படுவது அரிதன்று. கிடாரின் குழவி போன்ற தோற்றமுடைய அதற்கு யுகுலேலே என்று பெயர். விளையாட்டுப் பொருள் என எண்ணிச் சில டாலருக்கு அதைக் கொடுத்துவிடுவோர் உண்டு. செய்தவர் இன்னார், செய்த காலம் இன்னது என்று அறிந்து, அதே கருவிக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்போரும் உண்டு. இவ்விரு சாராருக்கும் இடையே நிற்பது அறிவு ஒன்றே. அவ்வறிவை எங்ஙனம் பெறுவது?

முதலில் வரலாற்றைச் சிறிது காண்போம். 1879ஆம் ஆண்டு போர்ச்சுகல் நாட்டு மதீராத் தீவிலிருந்து தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ரேவன்ஸ்கிராக் என்னும் கப்பல் ஹவாயின் ஹொனலூலு துறையை அடைந்தது. அதில் வந்த மானுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜொசே தொ எஸ்பிரிதோ சாந்தோ என்னும் மூன்று தச்சர்கள், தம் தீவின் சிறு தந்திக் கருவியைத் தழுவி, ஹவாயின் கோவா மரத்தில் புதிய கருவி செய்தனர். அரசர் கலாகௌவா அதனை ஆதரித்தார். ‘துள்ளும் தெள்ளுப்பூச்சி’ என்று பெயருக்குப் பொருள் கூறுவர் பலர்; ‘இங்கு வந்த கொடை’ என்றார் அரசி லிலியுவோகலானி. எனக்குப் பின்னதே உவப்பானது.

1915ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பெரும் கண்காட்சிக்குப்பின் அமெரிக்கா முழுதும் யுகுலேலே மோகம் பரவிற்று. பென்சில்வேனியாவின் நாசரேத் நகரிலுள்ள மார்ட்டின் நிறுவனம் 1907இல் செய்து பார்த்த யுகுலேலேக்கள் உள்ளே மிகுதியான தாங்குகட்டைகளைக் கொண்டிருந்தமையால் ஒலி சிறக்கவில்லை. 1916இல் மீண்டும் தொடங்கி வெற்றி கண்டது. 1926ஆம் ஓராண்டில் மட்டும் 14,000க்கு மேல் செய்தது. அதே 1916இல் ஹொனலூலுவில் சாமுவேல் கமாகா தம் பட்டறையைத் தொடங்கினார். அன்னாசிப் பழ வடிவிலான அவருடைய யுகுலேலே 1928இல் காப்புரிமை பெற்றது.

இனி வயதுக்கு வருவோம். மார்ட்டின் கிடார்களில் வரிசை எண் உண்டு. எண்ணைக் கண்டால் ஆண்டு தெரியும். யுகுலேலேக்களிலோ, தொடக்கத்தில் செய்த சிலவற்றைத் தவிர, எண்ணே இல்லை. ஆகவே கருவியின் உறுப்புகளையே சாட்சிகளாக அழைத்து விசாரிக்க வேண்டும். தலைப்பகுதியின் பின்புறத்தில் முத்திரை மட்டும் பதிந்து, முன்புறத்தில் பெயர் ஒட்டப்படாதிருந்தால், அது பெரும்பாலும் 1930களுக்கு முற்பட்டது. முன்புற ஒட்டுப்பெயர் 1930களின் தொடக்கத்தில் வந்தது. பிருடைகள் மரத்தாலானவையா, உலோகம் கலந்தவையா என்று பார்க்க வேண்டும், மரப்பிருடையே முந்தியது. மெட்டுகள் தட்டையான பட்டைகளாயின் பழமை; அடியில் தண்டு வைத்துப் பதித்தவையாயின் பிற்காலம். ஹவாயில் செய்தவற்றின் ஒட்டுச்சீட்டில் ‘ஹவாய்ப் பிரதேசம்’ என்றிருப்பின், அது 1900க்கும் 1959க்கும் இடைப்பட்டதாகும். 1959இல் அது மாநிலமாகிவிட்டது.

இங்கே ஒரு விதியை நன்கு மனத்திற் கொள்ளுங்கள். கருவி முழுமைக்கும் காலத்தின் கீழெல்லையை வகுப்பது, அதனுடன் பிறந்த உறுப்புகளுள் மிகப் பிந்தியது. ஆனால் அவ்வுறுப்பு உடன்பிறந்ததா, பின்னர் மாற்றப்பட்டதா என்பதே முதற்கேள்வி. பிருடைகள் மாற்றப்படலாம், குதிரை மாற்றப்படலாம், தந்திகளோ மாறாதிருந்தாலன்றோ வியப்பு! விலங்கு நரம்புத் தந்தி போய் நைலான் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின். அதனால் நைலான் தந்தி கண்டு கருவியை இளையதென்று தள்ளிவிடலாகாது. ‘தாத்தா 1917இல் வாங்கினார்’ என்னும் குடும்பக் கதையும் தனியே நின்று சான்றாகாது. அவர் அதனைக் கையிலேந்திய, நாளிட்ட புகைப்படமோ கடைச்சீட்டோ இருந்தால் கதை வேறு.

விற்க விரும்புவோர் செய்யும் பெருந்தீங்கு, அழகுபடுத்துதல். மங்கிய பழைய மெருகைச் சுரண்டிப் புது மெருகு பூசினால், கருவி பளபளக்கும். மதிப்போ பெரிதும் குறையும். அந்த மங்கலே அதன் பிறப்புச் சான்றிதழ். வெடிப்பைக் கண்டவுடன் இக்காலத்து வலிய பசையை ஊற்றுவதும் அத்தகையதே. பழைய தச்சர் பயன்படுத்திய தோற்பசை வெப்பத்தாலும் ஈரத்தாலும் இளகும். எனவே வல்லார் ஒருவர் பிரித்துச் செப்பனிட முடியும். புதிய பசை அவ்வழியை அடைத்துவிடும்.

வெளிநாட்டிற்கு விற்பதாயின் சட்டமும் குறுக்கிடும். பல பழைய கருவிகளின் விரற்பலகை பிரேசில் ரோஸ்வுட் மரத்தாலானது. அம்மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992 முதல் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. தந்தம் பதித்த கருவிக்கும் தடைகள் உண்டு. தக்க உரிமச்சீட்டின்றி அனுப்பிய கருவி சுங்கத்தில் சிக்கிக்கொள்ளும்.

விளம்பரம் எழுதும்பொழுது, ஒலித்துளையினுள் தெரியும் முத்திரை, தலைப்பகுதியின் இருபுறம், குதிரை, வெடிப்புகள் ஆகிய அனைத்தையும் படமெடுத்துக் காட்டுக. ‘1920களில் செய்யப்பட்டதாகக் கருதுகிறேன், காரணம் இவை’ என்று எழுதுவது ‘1922இல் செய்தது’ என்று துணிந்துரைப்பதினும் மேலானது. வாங்குவோர் பலர் விற்பவரினும் அறிந்தவர்கள். காரணத்தைக் கண்டால் அவர்களே காலத்தைத் திருத்திக் கூறுவர். விலை பேசி முடிந்தபின் தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, கழுத்தின் கீழும் தலைப்பகுதியைச் சுற்றியும் மெத்தென்ற துணி அடைத்து, கடினப் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும்.