சிரிக்கவைத்த நோபல் விஞ்ஞானியின் புத்தகம்... சிலரைக் கோபப்படுத்தியது ஏன்?

நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளரின் நினைவுக் குறிப்புகள் என்றதும் உங்களுக்கு என்ன தோன்றும்? கரும்பலகை நிறைய சமன்பாடுகள், கோட் சூட், விருது மேடை... இப்படித்தானே?

ரிச்சர்ட் ஃபெய்ன்மனின் புத்தகத்தில் இதெல்லாம் ஓரமாகத்தான் இருக்கும். அணுகுண்டு ரகசியங்கள் வைத்திருந்த அலமாரிகளின் பூட்டைத் திறந்தது, பிரேசிலில் சம்பா குழுவோடு சேர்ந்து தாளம் தட்டியது, குளியல் தொட்டிப் பக்கம் ஊரும் எறும்புகள் எப்படி வழி கண்டுபிடிக்கின்றன என்று ஆராய்ந்தது... பக்கத்துக்குப் பக்கம் இப்படியேதான் போகும்.

1985-ல் அமெரிக்காவில் வெளியான 'ஷ்யூர்லி யூ ஆர் ஜோக்கிங், மிஸ்டர் ஃபெய்ன்மன்!' விற்பனையில் சக்கைப்போடு போட்டது. 40 ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றைக்கும் அறிவியல் பிடித்த பிள்ளைகளுக்கு யாராவது ஒருவர் பரிசாக வாங்கிக் கொடுக்கும் புத்தகம் இது. அதே சமயம், பாதியில் மூடிவைத்துவிட்டு முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. ஒரே புத்தகத்துக்கு ஏன் இத்தனை விதமான ரியாக்‌ஷன்?

டீயில் எலுமிச்சையும் க்ரீமும்!

முதலில் தலைப்பின் கதை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த புதிதில், ஃபெய்ன்மன் ஒரு தேநீர் விருந்துக்குப் போகிறார். டீயில் க்ரீம் வேண்டுமா, எலுமிச்சை வேண்டுமா என்று டீனின் மனைவி கேட்க, பதற்றத்தில் இரண்டும் வேண்டும் என்றுவிட்டார். இரண்டும் சேர்ந்தால் திரிந்துபோகும் என்பது நம் வீட்டுப் பாட்டிக்கே தெரியும். 'நீங்க விளையாடுறீங்கதானே' என்கிற அர்த்தத்தில் அந்தப் பெண்மணி சொன்ன பதில்தான் பின்னாளில் புத்தகத்தின் தலைப்பானது.

இன்னொரு விஷயம், இதை ஃபெய்ன்மன் உட்கார்ந்து எழுதவில்லை. ரால்ஃப் லெய்ட்டன் என்ற இளம் நண்பரோடு சேர்ந்து டிரம்ஸ் வாசிப்பது அவர் வழக்கம். அந்த நேரங்களில் சொன்ன கதைகள்தான் பதிவு செய்யப்பட்டுப் புத்தகமாகின. படிக்கும்போது, திண்ணையில் உட்கார்ந்து ஒரு மாமா கதை சொல்வதுபோல இருப்பதற்கு அதுதான் காரணம். கதை சொல்லும் மாமாக்களிடம் உள்ள பிரச்னையும் இதில் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

மாணவர்களுக்குப் பிடித்த பூட்டு

இளம் வாசகர்கள் முதலில் மயங்குவது பூட்டுக் கதையில்தான். இரண்டாம் உலகப்போர் காலம். அணுகுண்டு தயாராகிக்கொண்டிருந்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடம். அங்கிருந்த அலமாரிகளின் எண் பூட்டைத் திறக்க, 0 முதல் 99 வரையிலான எண்களில் மூன்றைச் சரியாக வைக்க வேண்டும். கணக்குப்படி 10 லட்சம் வாய்ப்புகள்!

ஆனால், எண் ஒன்றிரண்டு தள்ளிப்போனாலும் பூட்டு ஏற்றுக்கொள்கிறது என்பதை ஃபெய்ன்மன் கவனித்தார். அப்படியானால், ஒவ்வொரு இடத்துக்கும் 20 எண்களை முயன்றால் போதும். 10 லட்சம், 8,000 ஆகிவிட்டது. அடுத்து, அலமாரி திறந்திருக்கும் நேரத்தில் பேச்சுக் கொடுத்தபடி பூட்டைத் திருகித் திருகி, கடைசி இரண்டு எண்களைத் தெரிந்துகொள்வார். மீதி இருப்பது 20 முயற்சிதான்!

ஒரு சக விஞ்ஞானியின் அலமாரிக்கு இந்தக் கணக்குகூடத் தேவைப்படவில்லை. விஞ்ஞானிகள் எதை ரகசிய எண்ணாக வைப்பார்கள் என்று யோசித்து, முதலில் 'பை' மதிப்பான 31-41-59 போட்டுப் பார்த்தார். திறக்கவில்லை. கணிதத்தில் 'இ' என்று குறிக்கப்படும் மாறிலியின் மதிப்பு 2.71828. அதை 27-18-28 என்று போட, திறந்துகொண்டது. பிறந்த தேதியை பாஸ்வேர்டாக வைத்திருக்கும் நமக்கும் இதில் பாடம் இருக்கிறது பாஸ்!

ஆசிரியர்களைச் சுட்ட பிரேசில்

அதே புத்தகத்தை ஓர் ஆசிரியர் படித்தால் நிற்கும் இடம் வேறு. 1950-களின் தொடக்கத்தில் பிரேசிலில் பாடம் நடத்தப் போன ஃபெய்ன்மனுக்கு ஓர் அதிர்ச்சி. ஒளியின் தளவிளைவு பற்றி எதைக் கேட்டாலும் மாணவர்கள் வரி பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால், கையில் போலராய்டு தாளைக் கொடுத்து, படித்ததை வைத்து ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடல் நீரைப் பார்க்கச் சொன்னபோது, இரண்டுக்கும் உள்ள தொடர்பு அவர்களுக்குப் புரியவில்லை. நீரில் பட்டு வரும் ஒளிதான் தாங்கள் மனப்பாடம் செய்த பாடம் என்று தெரியாமல் இருந்தார்கள்.

கிளம்பும் முன் பேராசிரியர்கள், அதிகாரிகள் முன்னிலையிலேயே, இங்கே அறிவியல் கற்பிக்கப்படவில்லை என்று போட்டு உடைத்தார் ஃபெய்ன்மன். பாடப்புத்தகம் வார்த்தைக்கு வார்த்தைதான் விளக்கம் தருகிறது. சர்க்கரைக் கட்டியை இருட்டில் இடுக்கியால் நொறுக்கினால் நீல நிற ஒளி மின்னும் என்று எழுதியிருந்தால், யாராவது ஒரு மாணவராவது வீட்டில் செய்து பார்த்திருப்பார் என்றார்.

'புக் பேக்' கேள்விகளை மனப்பாடம் செய்து சென்டம் வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? பிரேசில் என்று இருக்கும் இடத்தில் நம் ஊர்ப் பெயரைப் போட்டாலும் அந்த அத்தியாயம் அப்படியே பொருந்தும். அந்த இடத்தில் நமக்குச் சிரிப்பு வராது.

சிரிப்பு நிற்கும் பக்கம்

லாஸ் அலமோஸ் கலாட்டாக்களுக்கு நடுவிலேயே இன்னொரு கதையும் ஓடுகிறது. ஃபெய்ன்மனின் முதல் மனைவி ஆர்லீன், காசநோயோடு ஆல்புகெர்க் நகரில் மருத்துவமனையில் இருந்தார். 1945 ஜூனில் இறந்துபோனார். அவர் உயிர் பிரிந்த நேரத்திலேயே அறையிலிருந்த கடிகாரமும் நின்றிருந்தது. அதைக்கூட அமானுஷ்யமாகப் பார்க்க மறுக்கிறார் ஃபெய்ன்மன். ஏற்கெனவே பழுதான கடிகாரம், நேரம் பார்க்க நர்ஸ் கையில் எடுத்தபோது நின்றிருக்கும் என்கிறார். அப்போது அழவும் இல்லை. சுமார் ஒரு மாதம் கழித்து, ஒரு கடையின் கண்ணாடி வழியே தெரிந்த உடைகளைப் பார்த்து, இது ஆர்லீனுக்குப் பிடிக்கும் என்று நினைத்த நொடியில்தான் உடைந்துபோகிறார். இத்தனை கலாட்டா செய்கிறவருக்குள் இப்படி ஒரு மனிதரா என்று வாசகர்கள் நின்றுவிடும் பக்கம் இது.

கோபம் 1: சென்னையில் படித்தவரின் பங்கு

இப்போது, மறுபக்கம். கடுமையான எதிர்ப்பு சக விஞ்ஞானியிடமிருந்தே வந்தது. கால்டெக்கில் ஃபெய்ன்மனோடு பணியாற்றிய, நோபல் பரிசு பெற்ற முர்ரே கெல்-மன், ஃபெய்ன்மன் தன்னைப் பற்றிய கதைகளை உருவாக்கவே நிறைய நேரம் செலவிட்டார் என்று வெளிப்படையாக விமர்சித்தார்.

கோபத்துக்குக் குறிப்பான காரணமும் உண்டு. கதிரியக்கத்தில் நடக்கும் பீட்டா சிதைவுக்குப் பின்னால் இருக்கும் விதியைக் கண்டுகொண்ட தருணத்தைப் பற்றி, உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று தனக்கு மட்டும் தெரிந்திருந்தது என்கிற தொனியில் புத்தகத்தில் பேசியிருந்தார் ஃபெய்ன்மன். ஆனால், கெல்-மன்னும் அதைக் கண்டடைந்திருந்தார். அவர்களுக்கு முன்பே இன்னும் இருவர் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஒருவர் ராபர்ட் மார்ஷாக். மற்றவர் அவரின் மாணவர் ஈ.சி.ஜி.சுதர்சன். கோட்டயம் பக்கம் பிறந்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். 1980-களில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார்.

1957 செப்டம்பரிலேயே இத்தாலி மாநாட்டில் இந்தக் கோட்பாடு முன்வைக்கப்பட்டுவிட்டது. ஃபெய்ன்மன் - கெல்-மன் கட்டுரை அச்சில் வந்ததோ 1958-ல். சுதர்சனும் மார்ஷாக்கும் கண்டுபிடித்தது என்பதை ஃபெய்ன்மனே 1963-ல் ஒப்புக்கொண்டிருக்கிறார். எதிர்ப்புக்குப் பிறகு, புத்தகத்தின் அடுத்தடுத்த அச்சுகளில் மூவர் பெயரும் சேர்க்கப்பட்டன. சுவாரஸ்யமாகக் கதை சொல்கிறவர் தன்னை நடுவில் வைத்துக்கொள்ளும்போது, பக்கத்தில் நின்றவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். மாமாக்கள் சொல்லும் கதைகளின் பிரச்னை இதுதான்.

கோபம் 2: அந்த பார் அத்தியாயம்

இன்றைய வாசகர்கள், குறிப்பாகப் பெண்கள் கொதிப்பது வேறொரு அத்தியாயத்தில். பாரில் சந்திக்கும் பெண்களை மரியாதை இல்லாமல் நடத்தினால்தான் அவர்கள் மடங்குவார்கள் என்று ஒருவர் சொல்லித்தர, அதை ஒரு சோதனைபோல முயன்று பார்த்ததையும், ஒரு பெண்ணை மோசமான வார்த்தையில் திட்டியதையும் சிரித்தபடி சொல்கிறார். அந்த முறை தனக்குப் பிடிக்கவில்லை, அதன் பிறகு பயன்படுத்தவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஆனாலும், அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

இத்தனைக்கும், தன் தங்கை ஜோனை நள்ளிரவில் எழுப்பி, வானில் தெரிந்த துருவ ஒளியைக் காட்டியவர் இதே ஃபெய்ன்மன்தான். பெண்களின் மூளைக்கு அறிவியல் வராது என்று அம்மாவே சொன்ன வீட்டில், தங்கையின் ஆர்வத்தை வளர்த்தவர் அவர். அந்தத் தங்கை பின்னாளில் அதே துருவ ஒளியை ஆராயும் விஞ்ஞானியானார். இந்த நல்ல அண்ணனைக் காட்டி அந்த அத்தியாயத்தை மன்னிக்கச் சொல்ல முடியாது. அந்த அத்தியாயத்தைக் காட்டி இந்த அண்ணனை அழிக்கவும் முடியாது.

அப்படியென்றால் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால், கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டாம். 14, 15 வயதுப் பிள்ளை என்றால் சிறுவயதில் ரேடியோ பழுது பார்த்த கதை, பூட்டு, பிரேசில் என்று தொடங்கலாம். பார் அத்தியாயத்தை வளர்ந்த பிறகு படிக்கட்டும். அப்போது அதைப் பற்றி வீட்டில் பேசவும் செய்யுங்கள்.

இந்தப் புத்தகத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கான விதி அதிலேயே இருக்கிறது. கடைசி அத்தியாயம், 1974-ல் கால்டெக் பட்டமளிப்பு விழாவில் அவர் பேசியது. விஞ்ஞானி முதலில் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க வேண்டும், அதுதான் ரொம்பச் சுலபமாக நடக்கும் ஏமாற்று என்கிறார். அந்த அளவுகோலை அவர் கதைகள் மீதே வைத்துப் பார்க்கலாமே?

அப்படி வைத்துப் பார்த்த ஒரு வாசகர் உண்டு. ஆர்லீன் இறந்து, போரும் முடிந்து, வேலையே ஓடாமல் இருந்த காலத்தில், கார்னெல் பல்கலைக்கழக உணவகத்தில் ஒருவர் தட்டைச் சுழற்றி மேலே வீசுவதைப் பார்த்ததாகச் சொல்கிறார் ஃபெய்ன்மன். தட்டு தள்ளாடுவதற்கும் சுழல்வதற்கும் உள்ள கணக்கைப் பொழுதுபோக்காகப் போட்டதில்தான் உற்சாகம் திரும்பியது. 1965-ல் நோபல் பரிசு வாங்கித்தந்த வேலை வரை அது கொண்டுபோனது என்கிறார். தட்டு ஒருமுறை தள்ளாடும் நேரத்தில் இரண்டுமுறை சுழல்கிறது என்பது புத்தகத்தில் உள்ள கணக்கு. உண்மை நேர் தலைகீழ். ஒருமுறை சுழல்வதற்குள் இரண்டுமுறை தள்ளாடும். ஃபெய்ன்மன் மறைந்த மறு வருடம், 1989-ல், 'ஃபிசிக்ஸ் டுடே' இதழில் ஓர் இயற்பியலாளர் இதைச் சுட்டிக்காட்டினார்.

சந்தேகமாக இருந்தால், ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிய பிளாஸ்டிக் தட்டை மெதுவாகச் சுழற்றி மேலே வீசி, மொபைலில் ஸ்லோ மோஷனில் படம் பிடித்துப் பாருங்கள். எவர்சில்வர் தட்டு வேண்டாம், கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிடுவார்!